அண்ணி அனுப்பிய மழை

என் அண்ணன் மகள் சுண்டுவுக்கு வருகிற மாதம் மூன்று வயது முடிகிறது. அவளுக்குப் பல் முளைத்தது, அவள் தத்தித் தத்தி நடந்தது, பேச ஆரம்பித்தது, ஆரம்பித்ததை நிறுத்த மறந்தது, எல்லாமே என் கண் முன்னால்தான். குளிப்பாட்டுவது நான். துரத்தித் துரத்திச் சாப்பாடு ஊட்டுவது நான். மூக்குச் சிந்திவிடுவதுகூட நான்தான். ஆனால் தூக்கத்தில் புரண்டு படுக்கும்போது அவள் வாயிலிருந்து வருவது மட்டும் "அம்மா". பக்கத்தில் படுத்துத் தட்டிக்கொடுக்கிறவளுக்கு வயிறு எரியுமா எரியாதா?

அந்த அம்மா, அதாவது என் அண்ணி, வானிலை அலுவலகத்தில் வேலை பார்க்கிறாள். நேரில் பார்த்தால் "வாங்க அண்ணி, சாப்பிடுங்க அண்ணி" என்றுதான் பேசுவேன். மனதுக்குள் அவள், இவள்தான். இங்கே மனதுக்குள் இருப்பதையே சொல்லிவிடுகிறேன், வேஷம் எதற்கு.

அலுவலகம் விமான நிலையத்தை ஒட்டிய திடலில் இருக்கிறது. வெள்ளை மரப்பெட்டிக்குள் இருக்கும் வெப்பமானியைப் பார்ப்பது, மழைமானியில் சேர்ந்த தண்ணீரை அளப்பது, மேல்காற்றை அளக்கப் பலூன் விடுவது, கம்ப்யூட்டரில் மேகத்தை முறைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பது, இதெல்லாம் அவள் வேலை. ஒரு வாரம் விடியலுக்கு முன்னால் கிளம்பிப் போவாள், மறு வாரம் சாயங்காலம் போவாள். அண்ணன் லிஃப்ட் மெக்கானிக். எங்கே எந்த லிஃப்ட் நடுவழியில் நின்றாலும் இவன்தான் ஓடவேண்டும். ஆகவே குழந்தை என் கையில்.

என் வேலையைச் சொன்னால் சிரிப்பார்கள். எங்கள் வீட்டுக்குக் கீழே வண்டி நிறுத்துகிற இடத்தில், இரண்டு மூன்று வயதுக் குழந்தைகளுக்கு ஓவிய வகுப்பு நடத்துகிறேன். "இந்த வயசுல என்னங்க வரையும்?" என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஒன்றும் வரையாது. நானும் வரையச் சொல்வதில்லை. அன்றைக்கு வானம் என்ன செய்கிறதோ, அதையே காகிதத்தில் செய்ய விடுவேன். தூறல் என்றால் காகிதத்தின் மேல் கலர் பொடியைத் தூவி முற்றத்தில் வைத்துவிடுவோம். மேலே விழும் ஒவ்வொரு சொட்டும் ஒரு பூ. வெயில் என்றால் கலர் ஐஸ் கட்டி. வழுக்கி வழுக்கித் தேய்க்கத் தேய்க்க அது உருகி ஓடும். காற்று என்றால் கொடியில் காகிதத்தைக் கட்டி, பக்கத்தில் கலரில் நனைத்த நூல்களைத் தொங்கவிடுவேன். நூல் ஆடி ஆடித் தானே கோடு போடும். குழந்தைகள் அதைப் பார்த்துக் கையைத் தட்டுவார்கள். எல்லாமே வாயில் போனாலும் ஒன்றும் ஆகாத கலர்கள். போகும் என்பதால் சொல்கிறேன்.

இதில் ஒரு சங்கடம். ஐஸ் கட்டி வேண்டுமென்றால் முந்தின சாயங்காலமே உறைய வைக்கவேண்டும். பொடி வேண்டுமென்றால் முந்தின நாளே காயவைத்து இடிக்கவேண்டும். அதனால் தினமும் நான் அண்ணி முன்னால் போய் நிற்கவேண்டியிருந்தது.

"நாளைக்கு என்ன அண்ணி?"

"காலைல வெயில். மத்தியானத்துக்கு மேல காத்து."

சாப்பிட்டுக்கொண்டே, தட்டிலிருந்து தலையைக்கூட நிமிர்த்தாமல் சொல்வாள். அவ்வளவுதான், என் மறுநாள் பிழைப்பு முடிவாகிவிடும். எரிச்சல் என்னவென்றால், அவள் சொன்னது பெரும்பாலும் பலித்தது.

இதையாவது பொறுத்துக்கொள்ளலாம். பலூன் விஷயத்தைத்தான் பொறுக்க முடியவில்லை. ஒரு நாள் அண்ணி குழந்தையை அலுவலகத்துக்குக் கூட்டிப்போனாள். அங்கே திடலில் அண்ணியைவிடப் பெரிய வெள்ளை பலூன் ஒன்று. அதன் கீழே நூலில் கட்டிய சின்னப் பெட்டி. அண்ணி இரண்டு கையாலும் அதைப் பிடித்து நின்று, ஓடி, விட்டாள். அது மேலே மேலே போய்ப் புள்ளியாகி மறைந்தது. அன்று சாயங்காலம் எதிர்பாராமல் காற்று அடித்தது. சுண்டு ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு சொன்னாள்: "அம்மா அனுப்பினது வந்துடுச்சு."

அதோடு தொலைந்தது. மறுநாளிலிருந்து வானத்தில் எது நடந்தாலும் அது அவள் அம்மா அனுப்பியது. வகுப்பில் வந்து உட்கார்ந்ததும் பெரிய மனுஷி மாதிரி அறிவிப்பாள்: "இன்னிக்கு எங்கம்மா வெயில் அனுப்பியிருக்கா." மற்றக் குழந்தைகளும் நம்பின. கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நடப்பதால் நான் 'பெரியவர்' என்று கூப்பிடும் ஒரு பையன் இருக்கிறான். அவன் வாசலில் நுழையும்போதே "சுண்டு அம்மா என்ன அனுப்பினாங்க?" என்று கேட்டுக்கொண்டேதான் வருவான். இரட்டைப் பெண்கள் இரண்டும் மழையைப் பார்த்து டாட்டா காட்டி "தேங்க்ஸ் சுண்டு அம்மா" என்று கத்தும். அவர்களுடைய அப்பா ஒரு தையல்காரர், வகுப்பு முடிகிறவரை ஓரத்தில் உட்கார்ந்து பட்டன் தைத்துக்கொண்டிருப்பார். அவர்கூட ஒருமுறை, "உங்க அண்ணிகிட்ட சொல்லி ஞாயித்துக்கிழமை வெயில் அடிக்க வைங்கம்மா, துணி காயணும்" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன், பல்லைக் கடித்துக்கொண்டு.

ஐஸ் உறைய வைத்தது நான். நூல் நனைத்தது நான். தரையைத் துடைத்தது, அத்தனை குட்டிக் கைகளிலும் கால்களிலும் கலரைக் கழுவிவிட்டது நான். பெயரை மட்டும் தட்டிக்கொண்டு போகிறவள் அவள். நான் என்ன கிள்ளுக்கீரையா?

ஒரு நாள் தாங்காமல் சொல்லியே விட்டேன். "சுண்டு, மழையெல்லாம் அம்மா அனுப்பறது இல்ல. அது தானா வருது."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "தானா எப்படி அத்தை வரும்?" என்றாள், பாவப்பட்டு.

அப்புறம்தான் எனக்கு நல்ல காலம் பிறந்தது. அண்ணியை இரண்டு வாரப் பயிற்சிக்கு வேறு ஊருக்கு அனுப்பினார்கள். பெட்டியை மூடும்போது அண்ணி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "பாத்துக்கோ" என்றாள். "கவலையே படாதீங்க அண்ணி" என்றேன். உண்மையாகவே எனக்கு ஒரு கவலையும் இல்லை. இந்த இரண்டு வாரத்துக்குள் குழந்தையை என் பக்கம் இழுத்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன். புது பிரஷ், புது கலர், அவளுக்கென்று தனியாக ஒரு சின்ன மேஜை எல்லாம் வாங்கிவைத்தேன்.

சுண்டு மேஜையைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. மூன்றாம் நாளிலிருந்து சாப்பாட்டையும் பார்க்கவில்லை. வாயை இறுக்கி மூடிக்கொண்டு வாசல் கேட்டுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துவிடுவாள். நான் கதை சொன்னேன், கெஞ்சினேன், ஆடியும் காட்டினேன். என்னை ஆடவிட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள், வாயைத் திறக்கவில்லை. குழந்தை இளைத்துப்போனாள். அண்ணன் என்னைத்தான் கேட்டான், "என்ன, ஒழுங்கா ஊட்டறியா இல்லியா?" என்று. எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை.

அன்று சாயங்காலம் அண்ணி போனில் வந்தாள். சுண்டுவின் முகத்தைப் பார்த்ததும் போனை இன்னும் கிட்டக் கொண்டுவந்தாள். பிறகு சமாளித்துக்கொண்டு சொன்னாள்: "சுண்டு, அம்மா நாளைக்குக் காலைல உனக்கு மழை அனுப்பறேன். அது வந்துச்சுன்னா அம்மாவே வந்த மாதிரி. அதுக்குள்ள நீ சாப்பிடணும், சரியா?"

நான் போனை வாங்கி மெதுவாகக் கேட்டேன். "நிச்சயமா அண்ணி? குழந்தைகிட்ட சொல்றீங்க."

"எல்லா அறிகுறியும் இருக்கு. பெய்யும்" என்றாள்.

சுண்டு சாப்பிட்டாள். தட்டை வழித்துச் சாப்பிட்டாள். மூன்று நாளாக நான் தலைகீழாக நின்றும் திறக்காத வாய், இன்னும் வராத மழையின் பேரைச் சொன்னதும் திறந்துகொண்டது. பார்த்துக்கொண்டே இருந்தேன். குழந்தை சாப்பிடுகிறாளே என்று சந்தோஷப்படவேண்டியவள்தான். படவில்லை. அவள் தூங்கியதும் மறுநாளைக்கு வேண்டிய பொடியை இடித்து வைத்தேன். கூடவே, யாரும் கேட்காமலே, ஐஸ் தட்டிலும் கலர் தண்ணீரை ஊற்றி ஃப்ரீசரில் உள்ளே தள்ளி வைத்தேன். அண்ணி சொன்னது இந்த ஒரு தடவையாவது பொய்த்துப்போகட்டும் என்று நினைத்துக்கொண்டுதான் வைத்தேன்.

காலையில் எல்லாக் குழந்தைகளையும் மழைக்கோட்டோடு வரச்சொல்லியிருந்தேன். முற்றத்தில் வரிசையாகக் காகிதத்தைப் போட்டோம். சுண்டு இருப்பதிலேயே பெரிய காகிதத்தைக் கேட்டு வாங்கி, நீலப் பொடியை உள்ளங்கையில் அள்ளி அள்ளித் தூவினாள். தூவி முடித்து, மழைக்கோட்டின் தொப்பியைத் தலையில் இழுத்துவிட்டுக்கொண்டு, காகிதத்துக்குப் பக்கத்தில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள். "இப்ப வரும்" என்றாள் எல்லோருக்கும்.

வானம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. ஒரு பொட்டு மேகம் இல்லை. கொஞ்ச நேரத்தில் சிமெண்ட் தரை சுட ஆரம்பித்தது. பெரியவர் கோட்டைக் கழற்றிப் போட்டார். தையல்காரர் நெற்றியைத் துடைத்துக்கொண்டு, "மழையாம்மா இன்னிக்கு?" என்றார்.

"அண்ணி சொன்னாங்க" என்றேன். 'அண்ணி' என்பதைக் கொஞ்சம் அழுத்தியே சொன்னேன்.

எனக்குள் ஒரு குளிர்ச்சி பரவியது. அண்ணிக்கு மூக்கு உடைந்தது. சந்தோஷத்தை முகத்தில் காட்டாமல் உள்ளே போய் ஐஸ் தட்டைக் கொண்டுவந்தேன். "மழை இல்லன்னா என்ன? அத்தைகிட்ட ஐஸ் இருக்கு" என்றேன். சிவப்பும் பச்சையும் ஆரஞ்சும் வெயிலில் மினுங்கின. குழந்தைகள் ஓடிவந்து மொய்த்துக்கொண்டன.

சுண்டு வரவில்லை.

"சுண்டு, ஐஸ் உருகிடும் பாரு."

"மழை வரும்" என்றாள். கோட்டுக்குள் வியர்த்துக் கழுத்தெல்லாம் நனைந்திருந்தது. கழற்றப் போனால் கையைத் தட்டிவிட்டாள்.

அப்போது இரட்டையில் ஒன்று, கையில் சிவப்பு ஐஸ் ஒழுக, அவள் முன்னால் வந்து நின்றது. "உங்கம்மா மழை அனுப்பல. உங்கம்மா பொய்" என்றது. குழந்தைதானே, மனதில் பட்டதைச் சொன்னது. தையல்காரர் அதட்டி இழுத்துக்கொண்டார்.

சுண்டு அழவில்லை. அழுதிருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். எழுந்து என்னிடம் வந்து, என் சுடிதாரின் ஓரத்தைப் பிடித்தாள். தொப்பியின் நாடாவை வாயில் வைத்து மென்றுகொண்டே கேட்டாள்.

"அத்தை, அம்மா என்னை மறந்துட்டாளா?"

இந்தக் கேள்விக்காகத்தான் நான் காத்திருந்தேன் என்பது அந்த நிமிடத்தில் எனக்கே தெரிந்தது. பதிலும் தயாராக இருந்தது. "ஆமாண்டா. ஆனா அத்தை இருக்கேன்ல." அவ்வளவுதான் சொல்லவேண்டும். சொன்னால் என் தோளில் விழுந்து அழுவாள். அழுது முடித்துத் தூங்குவாள். எழும்போது என்னைத் தேடுவாள். சொல்வதற்கு வாயைத் திறந்தும்விட்டேன். நாடாவிலிருந்து எச்சில் ஒழுகிக்கொண்டிருந்தது. அவள் மூச்சை அடக்கிக்கொண்டு என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"மழை எப்பவோ கிளம்பிடுச்சு" என்றேன். "வழியில சிக்னல்ல நிக்குது."

"எந்த சிக்னல்?"

"பெரிய சிக்னல். பச்சை விழுந்ததும் வந்துடும். நீ போய் காகிதத்துகிட்ட நில்லு."

தையல்காரரிடம், "கொஞ்சம் பாத்துக்கோங்க" என்று சொல்லிவிட்டு, குழந்தைகளுக்குக் கலர் தண்ணீர் ஊற்றப் பயன்படுத்தும் பூவாளியைத் தூக்கிக்கொண்டு மாடிப்படி ஏறினேன். மூன்று மாடி. என் முட்டிகளைப் பற்றி நான் தனியாகச் சொல்லவேண்டியதில்லை, படிகளே சொல்லின. மொட்டைமாடியில் தொட்டிக் குழாயைத் திறந்து பூவாளியை நிரப்பினேன். கைப்பிடிச் சுவர் ஓரமாகப் போய்க் குனிந்தேன். நேர் கீழே நீலக் காகிதம். பக்கத்தில் சிவப்புத் தொப்பி ஒன்று, புள்ளியாக.

ஊற்றினேன்.

அவசரத்தில் பூவாளியை அலசவில்லை. நேற்றைய மஞ்சள் கலர் அடியில் தங்கியிருந்திருக்கிறது. மழையின் முதல் வரிசை மஞ்சளாகவே இறங்கியது. எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. கையை உள்ளே விட்டு அலசினேன், அடுத்த தடவை வெறும் தண்ணீராகிவிட்டது. என் கை மட்டும் மணிக்கட்டுவரை மஞ்சள்.

கீழேயிருந்து ஒரு கத்தல் வந்தது. "அம்மா மழை. அம்மா மழை வந்துடுச்சு." பெரியவரும் இரட்டையும் ஐஸைப் போட்டுவிட்டு ஓடிவருகிற சத்தம் கேட்டது. "பொய் இல்ல, பாத்தியா?" என்று சுண்டு யாரையோ கேட்டாள். ஒவ்வொரு "அம்மா"வும் எனக்குள் மிளகாய் மாதிரி காந்தியது. காந்தக் காந்த ஓடிப்போய் நிரப்பினேன், ஓடிவந்து ஊற்றினேன். அப்போதுதான் அவள் கூப்பிட்டாள்: "அத்தை, எங்க இருக்கே? சீக்கிரம் வந்து பாரு, அம்மா மழை."

மேல் வீட்டுப் பல் டாக்டர், காயப்போட்ட போர்வையை எடுக்க வந்தவர், நின்று என்னைப் பார்த்தார்.

"ஏம்மா, என்ன பண்றே?"

"மழை பெய்யறேன் சார்."

அவர் வானத்தைப் பார்த்தார், என் பூவாளியைப் பார்த்தார். "எவ்வளவு நேரம் பெய்வே?" என்றார்.

"தெரியல சார். குழந்தை போதும்னு சொல்றவரைக்கும்."

மனிதர் போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு, குழாயடியில் இருந்த பக்கெட்டை நிரப்பி என் பக்கம் நகர்த்தி வைத்துவிட்டுப் போனார்.

நான் கீழே இறங்கியபோது முற்றம் முழுக்க ஒரே ஆட்டம். சுண்டுவின் காகிதத்தில் நீலம் பூத்துப் பரவியிருந்தது. ஒரு மூலையில் நீலமும் மஞ்சளும் கலந்து பச்சை. அவளைத் தூக்கிவந்து படியில் உட்காரவைத்துத் துவட்டினேன். தலையைத் துவட்டும்போது அவள் என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். மணிக்கட்டுவரை மஞ்சள். பிறகு தன் கோட்டின் தோளில் இருந்த மஞ்சள் சொட்டைப் பார்த்தாள். பிறகு என் நனைந்த சுடிதாரை.

"மாடியிலயும் பேஞ்சுதா அத்தை?"

"ம்."

வேறெதுவும் கேட்கவில்லை. அன்று மத்தியானம் இரண்டு கிண்ணம் சாப்பிட்டாள்.

சாயங்காலம் சொன்ன நேரத்துக்கு முன்னாலேயே அண்ணி போனில் வந்துவிட்டாள். அழுதிருக்கிறாள் என்று முகம் சொன்னது. "சுண்டு, அம்மா தப்பா சொல்லிட்டேன்டா. மேகம் கிட்ட வந்து அப்படியே திரும்பிப் போயிடுச்சு. நீ ரொம்ப நேரம் காத்திருந்தியா? அம்மா மேல கோவமா?"

நான் மேஜைக்கு இந்தப் பக்கம் மூச்சுவிடாமல் உட்கார்ந்திருந்தேன். சுண்டு போனைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள். மேஜைக்கு அடியில் ஒரு குட்டிக் கை வந்து என் சுண்டுவிரலைத் தேடிப் பிடித்தது.

"இல்லம்மா. வந்துச்சு" என்றாள். "நெறைய வந்துச்சு. நீ அனுப்பினது."

"அங்க மழை பேஞ்சுதா?" என்று அண்ணி என்னைக் கேட்டாள்.

"பேஞ்சுது அண்ணி."

"இருக்கவே முடியாது. நான் மேகப் படத்தைப் பாத்துட்டேதான் இருந்தேன். எங்கயுமே பெய்யல."

"இந்த வீட்டுக்கு மட்டும் பேஞ்சுது" என்றேன். "உங்க படத்துல அவ்வளவு சின்னதெல்லாம் தெரியாது போல."

சுண்டு இன்னொரு கையால் காகிதத்தை எடுத்துப் போன் முன்னால் பிடித்தாள். அண்ணி அதை வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தாள். வானத்தையே கரைத்துக் குடித்தவளுக்கு அது புரியவில்லை. எனக்கு அதில் இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன். விரலில் இருந்த பிடி அதுவரை தளரவே இல்லை.

போனை வைத்ததும் சுண்டு என் மடியில் ஏறி, காதுக்குள் வாயை வைத்துச் சொன்னாள். "அம்மாகிட்ட சொல்லாதே அத்தை. அம்மா பாவம், அழுவா."

பார்த்தீர்களா, இதிலும் அவள் அம்மாதான். முட்டி வலி என்னுடையது, பாவம் மட்டும் அவளுக்கு. "சொல்லல" என்றேன், கொஞ்சம் கடுப்பாகவே.

அவள் இறங்கிப் போகவில்லை. என் கையைத் திருப்பிப் போட்டு, கழுவியும் போகாத மஞ்சளை விரலால் தேய்த்துப் பார்த்தாள். அப்புறம் காதுக்குள் இன்னொரு தடவை வந்தாள்.

"நாளைக்கு நீ என்ன அனுப்புவே?"

தினமும் அண்ணி முன்னால் போய் நின்று நான் கேட்கிற கேள்வி. அன்று அதை அண்ணியிடம் கேட்கவே மறந்திருந்தேன்.

"உனக்கு என்ன வேணும், சொல்லு" என்றேன்.